ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு: ஒரு ஐஸ் ஹாக்கி பயிற்சியாளரின் கதை

ஐந்து தேசியக் கோப்பைகள். 383 வெற்றிகள். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு அணியை உண்டாக்கி, 16 சீசன் அதைக் கட்டிக் காத்த உழைப்பு. இவ்வளவும் செய்த ஒருவரிடம், 2014 டிசம்பரில், சீசன் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது, அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகம் சொன்னது இதுதான்: சம்பளம் கட்டுப்படியாகவில்லை, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை.

அவர் பெயர் ஷேனன் மில்லர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில் இருக்கும் டுலூத் என்ற குளிர் ஊரில், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டுலூத் வளாகத்துப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர்.

ஹாக்கி என்றதும் தயான்சந்தும் பச்சைப் புல்லும் நினைவுக்கு வந்தால், அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். இது பனித்தரையில் சறுக்குக் காலணி போட்டுக்கொண்டு ஆடும் ஆட்டம். பந்துக்குப் பதில் 'பக்' என்ற தட்டையான ரப்பர் வில்லை. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். மினசோட்டாவில் இது வெறும் விளையாட்டு இல்லை, கிட்டத்தட்ட மதம். ஏரி உறைந்தால் பிள்ளைகள் மட்டையோடு இறங்கிவிடுவார்கள். அப்படிப்பட்ட மாநிலத்தில், ஹாக்கியில் ஐந்து முறை நாட்டுக்கே முதலாக வந்த ஒருவரை வெளியே அனுப்பினார்கள் என்றால், அந்தக் கணக்கைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்கத்தானே வேண்டும்?

முதலில் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள்.

மில்லர் கனடாக்காரர். கால்கரி நகரத்தில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். 1997-ல் கனடா பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்து உலகக் கோப்பையை வென்றார். பெண்கள் ஐஸ் ஹாக்கி முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது 1998 நகானோவில். அங்கேயும் கனடா அணியை வழிநடத்தியவர் இவர்தான். இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 3-1 என்று தோற்று, வெள்ளிப் பதக்கம்.

அதே 1998-ல் டுலூத் இவரைக் கூப்பிட்டது. அப்போது அங்கே பெண்கள் அணி என்று ஒன்று கிடையாது. ஆள் பிடிப்பதிலிருந்து எல்லாமே புதிதாகத் தொடங்க வேண்டும். 1999-2000-ல் அணி முதல் சீசன் ஆடியது. 2001-ல் என்.சி.ஏ.ஏ., அதாவது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு, பெண்கள் ஐஸ் ஹாக்கிக்கு முதல் தேசியப் போட்டியை நடத்தியது. (ஆண்களுக்கு இந்தப் போட்டி 1948-லேயே தொடங்கிவிட்டது. 53 வருடம் தாமதம்!) அந்த முதல் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது, பிறந்து இரண்டு வயதே ஆன டுலூத். அடுத்த வருடமும் டுலூத். 2003-ல் சொந்த ஊரில், ஹார்வர்டுக்கு எதிராக, இரண்டாவது ஓவர்டைம் வரை இழுத்த இறுதி ஆட்டத்தில் 4-3. மறுபடியும் டுலூத். பிறகு 2008, 2010. இதில் 2010 இறுதி ஆட்டம் மூன்றாவது ஓவர்டைம் வரை போனது. கார்னெலை 3-2 என்று வென்றார்கள்.

2001 முதல் 2013 வரையிலான 13 கோப்பைகளையும் மூன்றே பல்கலைக்கழகங்கள்தான் பங்கு போட்டுக்கொண்டன. மினியாபொலிஸில் இருக்கும் தலைமை வளாகம் நான்கு, விஸ்கான்சின் நான்கு, டுலூத் ஐந்து. முதல் இரண்டும் 40,000 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பிரம்மாண்டங்கள். டுலூத்தில் சுமார் 11,000 பேர். யானைகள் இரண்டுக்கு நடுவே புகுந்து, அவற்றைவிட ஒரு கோப்பை கூடுதலாக வாங்கிய அணி இது.

எப்படி முடிந்தது? அண்டை வீட்டுப் பெரிய பல்கலைக்கழகங்கள் உள்ளூரிலேயே நல்ல ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டதால், மில்லர் கடல் கடந்து போனார். ஸ்வீடனிலிருந்து மரியா ரூத், பின்லாந்திலிருந்து ஹன்னே சிக்கியோ, நோரா தல்லுஸ், கனடாவிலிருந்து கரோலின் உவெலெட் என்று கொண்டுவந்தார். 2003 இறுதி ஆட்டத்தில் வெற்றி கோலை அடித்தவர் நோரா தல்லுஸ். உவெலெட் மொத்தம் நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். 2006 டூரின் ஒலிம்பிக் அரையிறுதியில் ஸ்வீடன் அமெரிக்காவைத் தோற்கடித்து உலகத்தையே அசரவைத்ததே, அந்த ஆட்டத்தின் நாயகி மரியா ரூத். சின்ன ஊரில் இருந்துகொண்டு ஒரு விளையாட்டின் உலக வரைபடத்தையே பெரிதாக்கிய பயிற்சியாளர் என்று இவரைச் சொன்னால் அது மிகை ஆகாது.

சரி, விஷயம் 2014-க்கு வரட்டும்.

பல்கலைக்கழகம் பொதுவெளியில் சொன்ன காரணம் பணம். வளாகத்தின் பட்ஜெட்டில் துண்டு விழுந்திருந்தது உண்மை. மில்லரின் அடிப்படைச் சம்பளம் வருடத்துக்கு 2,07,000 டாலர். நாட்டில் பெண்கள் கல்லூரி ஐஸ் ஹாக்கி பயிற்சியாளர்களிலேயே இதுதான் அதிகம். இது எங்களுக்குத் தாங்காது என்றார்கள்.

கேட்டவுடன் நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால் இரண்டு கேள்விகள் உண்டு.

முதல் கேள்வி: பணம்தான் பிரச்சினை என்றால், "இவ்வளவுதான் தர முடியும், சம்மதமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளும்படி தன்னிடம் யாரும் பேசவே இல்லை என்றார் மில்லர். விலை அதிகம் என்று சொல்லிவிட்டுப் பேரமே பேசாமல் கடையை விட்டுப் போகிறவர், அந்தப் பொருளை வாங்க வந்தவரே இல்லை.

இரண்டாவது கேள்வி: அதே வளாகத்தில் ஆண்கள் அணிப் பயிற்சியாளருக்கு மில்லரைவிட அதிகச் சம்பளம். அது மட்டும் எப்படித் தாங்கியது? பெண்கள் பயிற்சியாளர்களிலேயே அதிகச் சம்பளம் என்று ஒப்பிடுகிறவர்கள், ஒரே கட்டடத்தில் அடுத்த அறையில் இருப்பவரோடு ஏன் ஒப்பிடவில்லை? அளவுகோலைத் தேர்ந்தெடுப்பதிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. பெண்ணை மற்ற பெண்களோடுதான் ஒப்பிட வேண்டும், அதில் அவர் கொஞ்சம் உயர்ந்திருந்தால் அதிகப்படி. இதுதான் அந்தக் கணக்கு.

மில்லர் 2015-ல் வழக்குப் போட்டார். மென்பந்து அணியையும் கூடைப்பந்து அணியையும் பயிற்றுவித்த இரண்டு பெண்கள் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். வழக்கு ஃபெடரல் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது நடந்ததுதான் வேடிக்கை. வெளியே பணம் பணம் என்று சொன்ன பல்கலைக்கழகம், நீதிமன்றத்துக்குள் வந்ததும் அணியின் ஆட்டம் சரியில்லை என்று வாதாடியது. 2011-க்குப் பிறகு அணி தேசியப் போட்டிக்குத் தகுதி பெறவில்லையாம்.

ஒரே முடிவுக்கு ஊருக்கு ஒரு காரணம், கோர்ட்டுக்கு ஒரு காரணம்!

சரி, அந்த இரண்டாவது காரணத்தையும்தான் எடைபோட்டுப் பார்த்துவிடலாமே. 2012, 2013, 2014 என்று மூன்று வருடம் மில்லரின் அணி தேசியப் போட்டிக்குப் போகவில்லை. உண்மைதான். அதே 2013-லும் 2014-லும் டுலூத்தின் ஆண்கள் அணியும் போகவில்லை. அதுவும் எப்படி? அப்போது பெண்கள் போட்டியில் மொத்தமே 8 அணிகளுக்குத்தான் இடம். ஆண்கள் போட்டியில் 16. எட்டுப் பேர் வரும் பந்தியில் இடம் கிடைக்காதவர் தோற்றவர், பதினாறு பேர் வரும் பந்தியில் இடம் கிடைக்காதவர் பொறுத்துக்கொள்ள வேண்டியவர். இது என்ன நியாயம்?

ஆண்கள் அணியின் பயிற்சியாளர் ஸ்காட் சாண்டலின் மேல் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் நல்ல பயிற்சியாளர். ஆனால் அவர் நல்ல பயிற்சியாளர் என்று உலகுக்குத் தெரியவந்ததே, அவருக்குக் காலம் கொடுக்கப்பட்டதால்தான். 2000-ல் பொறுப்பேற்ற அவருடைய முதல் சீசனில் அணி ஜெயித்தது 7 ஆட்டங்கள்தான். 2004-ல் கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தார். அதன் பிறகு நான்கு சீசன் தொடர்ச்சியாக வெற்றியைவிடத் தோல்வி அதிகம். யாரும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. 2011-ல் மிச்சிகனை ஓவர்டைமில் 3-2 என்று வென்று முதல் கோப்பையைக் கொண்டுவந்தார். பதினோரு வருடம் ஆனது. பிறகு 2018, 2019 என்று அடுத்தடுத்து இரண்டு. பொறுமைக்குக் கிடைத்த பலன்!

அந்தப் பொறுமையில் ஒரு பங்கு, அதே வளாகத்தில், இரண்டாவது சீசனிலேயே கோப்பை கொண்டுவந்த மில்லருக்குக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பையே மூடிவிட்டார்கள். வேலையை விட்டு அனுப்பும் செய்தி வந்த நேரத்தில் அணி நாட்டின் முதல் பத்து இடங்களுக்குள் இருந்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். சரிவு நின்று மேலே ஏறத் தொடங்கிய நேரத்தில் ஏணியை எடுத்தார்கள்.

இன்னொரு வாதமும் உண்டு. மில்லர் கடுமையானவர், வளைந்து கொடுக்காதவர், அவரோடு வேலை செய்வது சிரமம் என்பது. இருக்கலாம். 1998 ஒலிம்பிக்குக்கு முன்னால், கனடாவின் மிகப் பெரிய ஆட்டக்காரி ஏஞ்சலா ஜேம்ஸையே அணியிலிருந்து நீக்கியவர் அவர். நாடே கொந்தளித்தது. ஜேம்ஸ் 2010-ல் ஹாக்கியின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்ட முதல் இரண்டு பெண்களில் ஒருவர் என்றால், அந்த நீக்கம் எவ்வளவு பெரிய முடிவு என்று புரியும். அது சரியா தவறா என்று இன்றைக்கும் வாதிடலாம்.

ஆனால் கடுமை குற்றம் என்றால் மினசோட்டாக்காரர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது ஹெர்ப் புரூக்ஸைப் பற்றி. அதே மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மினியாபொலிஸ் வளாகத்துக்கு 1974, 1976, 1979 என்று மூன்று கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர். 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில், கல்லூரிப் பையன்களை வைத்துக்கொண்டு சோவியத் யூனியனை 4-3 என்று வீழ்த்தியவர். அவர் இனிமையான மனிதர் என்று அவருடைய ஆட்டக்காரர்களே சொன்னதில்லை. பையன்களைக் கசக்கிப் பிழிந்தார். ஒலிம்பிக்குக்குச் சில நாட்கள் இருக்கும்போது ரால்ஃப் காக்ஸ் என்ற பையனைக் கடைசி ஆளாகக் கழற்றிவிட்டார். அந்தக் கடுமைக்கு என்ன கிடைத்தது? செயின்ட் பால் நகரத்தில் சிலை கிடைத்தது. 2004-ல் டிஸ்னி படம் எடுத்தது. காக்ஸை நீக்கும் காட்சியைப் பார்த்து ஜனங்கள் பயிற்சியாளருக்காகவும் சேர்த்துக் கண் கலங்கினார்கள்.

ஆண் கடுமையாக இருந்தால் அதற்குக் 'கண்டிப்பு' என்று பெயர். பெண் அப்படி இருந்தால் 'திமிர்'. இந்த அகராதி டுலூத்தில் மட்டும் அச்சாகவில்லை என்பது படிக்கிறவர்களுக்கே தெரியும்.

2018 மார்ச்சில் ஜூரி தீர்ப்புச் சொன்னது. பாலினப் பாகுபாடு நடந்திருக்கிறது என்றது. அதோடு நிற்கவில்லை. பெண்கள் அணிக்கு ஆண்கள் அணிக்குச் சமமான வசதிகள் இல்லை என்று மில்லர் புகார் சொன்னதற்காகப் பல்கலைக்கழகம் பழிவாங்கியிருக்கிறது என்றும் சொன்னது. இழந்த சம்பளத்துக்கு 7.4 லட்சம் டாலர், மன உளைச்சலுக்கு 30 லட்சம் டாலர். மொத்தம் சுமார் 37.4 லட்சம். இந்தத் தீர்ப்பு வந்து மூன்றே வாரத்தில் ஆண்கள் அணி தன் இரண்டாவது கோப்பையை வென்றது. வாணவேடிக்கை எது, வழக்குச் செய்தி எது என்று ஊர் குழம்பியிருக்காது. எதைக் கொண்டாடுவது என்பது எப்போதும் அவர்களுக்குத் தெளிவாகவே தெரியும்.

பழிவாங்கல் என்ற அந்த இரண்டாவது பகுதிதான் முக்கியம். அமெரிக்காவில் 'டைட்டில் நைன்' என்று ஒரு சட்டம் உண்டு. அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண் பெண் என்று பேதம் பார்க்கக் கூடாது என்று 1972-ல் வந்த சட்டம். கல்லூரிகளில் பெண்கள் விளையாட்டு இன்றைக்கு இவ்வளவு வளர்ந்திருப்பதற்கு அதுதான் காரணம். டுலூத்தில் பெண்கள் அணி உருவானதும் அந்தச் சட்டத்தின் நிழலில்தான். அந்தச் சட்டம் சொல்வதைக் கேட்டு வாயைத் திறந்தவருக்குக் கிடைத்த பரிசு வேலை நீக்கம் என்றால், அடுத்து வாயைத் திறக்கப் போவது யார்?

இந்தச் சட்டத்தில் ஒரு கசப்பான முரண்பாடும் இருக்கிறது. 1972-க்கு முன்னால் பெண்கள் அணிகளைப் பயிற்றுவித்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். சம்பளம் அற்பம், மரியாதை அதைவிட அற்பம், ஆகவே ஆண்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சட்டம் வந்தது, பணம் வந்தது. பணம் வந்ததும் ஆண்களும் வந்தார்கள். 2014-ல், அதாவது மில்லர் வெளியேற்றப்பட்ட வருடத்தில், அந்த விகிதம் 43 சதவீதம் அளவுக்கு இறங்கியிருந்தது. ஆண்கள் அணிகளைப் பயிற்றுவிக்கும் பெண்களையோ விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆக, ஒரு பக்கக் கதவு ஆண்களுக்குத் திறந்தது, எதிர்ப்பக்கக் கதவு பெண்களுக்கு மூடியே கிடக்கிறது. வேலை இழக்கும் ஆண் பயிற்சியாளருக்குப் போக இரண்டு சந்தை. பெண்ணுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் பாதிக்கு மேல் கைமாறிவிட்டது.

"மில்லருக்குப் பதிலாக 2015-ல் வந்தவரும் பெண்தானே, அப்புறம் எங்கே பாகுபாடு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். புத்திசாலித்தனமான கேள்வி மாதிரி இருக்கும். வந்த மவுரா க்ரோவெல் திறமைசாலி, 2022-ல் அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர். அதில் சந்தேகமில்லை. ஆனால் பாகுபாடு என்பது கதவை அடைப்பது மட்டுமல்ல. உள்ளே விட்டு, "இந்த உயரத்துக்கு மேல் நிமிராதே" என்று கூரையைத் தாழ்த்துவதும் அதுதான். பெண் வேண்டும், ஆனால் மலிவாக வேண்டும், கேள்வி கேட்காமல் வேண்டும் என்றால் ஒரு பெண்ணை அனுப்பிவிட்டு இன்னொரு பெண்ணை வைப்பதில் என்ன கஷ்டம்?

மில்லர் ஒரு பெண் என்பதோடு, தன்பாலின ஈர்ப்பு உள்ளவர் என்பதையும் மறைத்ததில்லை. அதன் பேரிலும் பாகுபாடு காட்டினார்கள் என்று அவர் வழக்கில் சொல்லியிருந்தார். அந்தப் பகுதி ஜூரியிடம் போகவே இல்லை. அப்போது அந்தப் பகுதியில் செல்லுபடியான ஃபெடரல் சட்ட விளக்கம் அதற்கு இடம் தரவில்லை. 2020 ஜூனில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தன்பாலின ஈர்ப்பைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதும் பாலினப் பாகுபாடுதான் என்று சொன்னது. அவருக்கு அது இரண்டு வருடம் பிந்தி வந்த நியாயம்.

இப்போது கணக்கை முடித்துவிடலாம். எல்லாம் பணத்துக்காக என்றுதானே தொடங்கினார்கள்?

ஜூரி கொடுக்கச் சொன்ன 37.4 லட்சம் டாலரை மில்லரின் வருடச் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். 18 வருடச் சம்பளம் வருகிறது! அந்தத் தொகையை நீதிபதி பிறகு குறைத்தார். ஆனால் 2019-ல் சமரசமாக வழக்கை முடித்தபோது, வழக்கறிஞர் கட்டணமும் சேர்த்து 40 லட்சம் டாலருக்கு மேல் பல்கலைக்கழகத்தின் கையைவிட்டுப் போனது. சிக்கனத்துக்காகச் செய்த காரியம்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுமைகூலி கொடுத்தும் காய் கைக்கு வரவில்லை.

மில்லருக்கு நஷ்ட ஈடு கிடைத்துவிட்டதே, கதை சுபம்தானே என்று முடித்துவிட முடியாது. இந்தச் செய்தி வந்தபோது அவருக்கு 50 வயதுதான் கடந்திருந்தது. பயிற்சியாளர்களுக்கு அது கிழட்டு வயது இல்லை. பாஸ்டன் கல்லூரியின் ஜெர்ரி யார்க் தன்னுடைய ஐந்து தேசியக் கோப்பைகளில் நான்கை வாங்கியது 55 வயதுக்குப் பிறகுதான். 2022 வரை வேலையில் இருந்துவிட்டு, 76 வயதில், எல்லோரும் எழுந்து நின்று கைதட்ட ஓய்வு பெற்றார். அவருக்கும் ஐந்து, இவருக்கும் ஐந்து. ஒருவருக்குக் கைதட்டல், ஒருவருக்குக் கோர்ட்டுப் படி.

பல்கலைக்கழகங்கள் சமத்துவம் பற்றி அழகழகாக அறிக்கை வெளியிடுகின்றன. பெண் வீராங்கனைகளின் படத்தை அட்டையில் போடுகின்றன. அதெல்லாம் இருக்கட்டும். ஜெயிக்கிறபோது கோப்பையை வாங்கி அலமாரியில் வைப்பதில் ஆணும் பெண்ணும் சமம்தான். இரண்டு மூன்று வருடம் தோற்கும்போதும், வாயைத் திறந்து "இது நியாயமில்லை" என்று சொல்லும்போதும் என்ன நடக்கிறது என்பதில்தான் சமத்துவம் தெரியும். டுலூத்தின் அலமாரியில் அந்த ஐந்து கோப்பைகளுக்கும் இடம் இருந்தது. அவற்றைக் கொண்டுவந்தவருக்குத்தான் பட்ஜெட்டில் இடமில்லாமல் போனது.